யூரியாவை நிறுத்தினால் போதுமா?

வேர்முடிச்சு:
மெக்சிகோ வளைகுடாவில் 2017இல் சுமார் 22,700 சதுர கிலோமீட்டர் பரப்பில் மீன் வாழ முடியாத நிலை இருந்தது. பெரும் காரணம் வயல்தான். அமெரிக்க வயல்களிலிருந்து மிசிசிப்பி ஆறு அடித்துவரும் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, தின்று பாசி பெருகுகிறது. அது மடிந்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. ரசாயன உரத்தை அடியோடு நிறுத்தினால்தான் இது தீரும்.

கணக்குப்பிள்ளை:
நிறுத்துங்கள். யார் யார் பட்டினி கிடப்பது என்றும் நீங்களே பட்டியல் போட்டுவிடுங்கள். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் பயிரால் அதை நேராக எடுக்க முடியாது. 1909இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹேபர் அதை ஆய்வகத்தில் அம்மோனியாவாக்கிக் காட்டினார்; யூரியாவுக்கு மூலப்பொருள் அதுதான். 1913இல் அவர் நாட்டவரான பாஷ் அந்த முறையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார். இன்று உலகில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாப்பாடு அதை நம்பித்தான் இருக்கிறது. 2021இல் இலங்கை ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டது. விளைச்சல் சரிந்தது, அரிசியை வெளியே வாங்க வேண்டி வந்தது, நவம்பரிலேயே தடையைக் கைவிட்டார்கள்.

வேர்முடிச்சு:
இன்னும் எத்தனை நாளைக்கு இலங்கையையே காட்டுவீர்கள்? முன்னேற்பாடு இல்லாமல் திடீரென்று செய்தால் எதுதான் உருப்படும்? தொழு உரம் இருக்கிறது, பயறு வகைகள் இருக்கின்றன.

கணக்குப்பிள்ளை:
தொழு உரம் தழைச்சத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. மாடு தின்ற தீவனத்தில் இருந்ததுதான் இடம் மாறி வருகிறது. அந்தத் தீவனமும் எங்கோ ஒரு நிலத்தில் விளைந்ததே. பயறு சரி, அது நிஜமாகவே காற்றிலிருந்து பிடிக்கும், ஆனால் நிலத்தில் ஒரு பருவத்தைக் கேட்கும். அப்புறம், தொழு உரத்தை அளவு மீறிக் கொட்டினாலும் அதன் தழைச்சத்து தண்ணீரில் கரையும் நைட்ரேட்டாக மாறி ஆற்றுக்குத்தான் போகும். ஆறு உர மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

வரப்போரம்:
இரண்டு பேரும் விளைவிப்பதையே பேசுகிறீர்கள். உலகத் தானியத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கால்நடைத் தீவனமாகிறது. 2022இல் மட்டும் வீடு, கடை, உணவகம் எல்லாம் சேர்ந்து சுமார் 105 கோடி டன் உணவை வீணாக்கின. 'பாதிப் பேர்' என்பது, இந்தத் தின்னும் முறையை அப்படியே வைத்துக்கொண்டு போட்ட கணக்கு.

கணக்குப்பிள்ளை:
நியாயம், அதை நான் சேர்க்கவில்லை. ஆனால் விவசாயி உரத்தைக் கூட்டிப் போடுவது பேராசையால் இல்லை. குறைத்துப் போட்டு விளைச்சல் போனால் கடன் அவர் தலையில்தான் விழும். ஆறு கெடுவதற்கான செலவோ யார் கணக்கிலும் ஏறுவதில்லை. உரத்துக்குத் தரும் மானியத்தில் ஒரு பகுதியை, குறைத்துப் போடுபவரின் இழப்புக்கு ஈடாகக் கொடுக்கலாம். போடுகிற தழைச்சத்தில் பாதிதானே பயிருக்குச் சேர்கிறது!

வேர்முடிச்சு:
சரி, 'அடியோடு' என்றதை விட்டுவிடுகிறேன். ஆனால் உரமிட்ட மண்ணிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை ஒருவரும் தொடவில்லையே? நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 270 மடங்கு சூடேற்றும்.

கணக்குப்பிள்ளை:
அதுவும் பெரும்பாலும் பயிர் எடுக்காமல் மண்ணில் மிஞ்சியதிலிருந்து வருவதுதான். பயிர் கேட்கும் நேரம் பார்த்து மேலுரத்தைப் பிரித்துப் போட்டால் குறையும். முழுக்க நிற்காது.