விளம்பரம், மக்கள் தொடர்பு படிக்க நினைக்கும் தங்கைக்கு: எந்தப் பல்கலைக்கழகம்? கணக்கு வேண்டுமா? தமிழ் உதவுமா?

நீலப்பேனா

வணக்கம். தங்கை தொடக்கக்கல்லூரி இரண்டாம் ஆண்டு. பல்கலைக்கழகத்தில் விளம்பரம், மக்கள் தொடர்பு பக்கம் போக ஆசை. "படம் வரைவேன், நன்றாகப் பேசுவேன், கணக்கு மட்டும் ஆகாது, அதனால் இதுதான் எனக்கு" என்கிறாள். என்டியு (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்), என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்), எஸ்எம்யு (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்) மூன்றுக்கும் என்ன வேறுபாடு? கணக்கே இல்லாமல் ஓட்ட முடியுமா? தமிழில் நல்ல பிடிப்பு உண்டு. அது வேலைக்கு ஆகுமா, இல்லை மொழிபெயர்ப்பைத் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவார்களா?

காப்பி_ஓ_கோசோங்

தமிழ்க் கேள்வியை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

என்டியுவில் வீ கிம் வீ தொடர்பியல் பள்ளி. 1992இல் தொடங்கியது. தொடர்பியலுக்கென்றே தனிப் பட்டம்; செய்தித்துறையும் விளம்பரமும் மக்கள் தொடர்பும் ஒரே கூரையின்கீழ். இறுதியாண்டில் சிறு குழுவாகச் சேர்ந்து ஒரு பிரசாரத்தையே நடத்திக் காட்டலாம். என்யுஎஸ்ஸில் தொடர்பு, புதிய ஊடகத் துறை. 2021 முதல் மனிதவியலும் அறிவியலும் இணைந்த கல்லூரி வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அதன் பொதுப் பாடங்களில் தரவும் செயற்கை நுண்ணறிவும் தப்பாது. எஸ்எம்யுவில் தொடர்புப் பாடம் வணிகப் படிப்போடு ஒட்டி வரும்.

கணக்கு ஆகாது என்பதற்காக இந்தத் துறைக்கு வருவது தப்புக் கணக்கு. நுண்கணிதம் வேண்டாம், ஆனால் விழுக்காடும் மாதிரிப் பிழையும் (எல்லாரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால் வரும் பிசகு) தினசரிச் சாப்பாடு. ஒரு பயிற்சி. முகநூல் விளம்பரத்துக்கு 600 வெள்ளி. 120,000 முறை தோன்றியது, 960 பேர் சொடுக்கினார்கள், 48 பேர் பதிந்தார்கள் என்று வையுங்கள். ஆயிரம் தோற்றத்துக்கு 5 வெள்ளி, சொடுக்கு விகிதம் 0.8 விழுக்காடு, ஒரு சொடுக்குக்கு 62.5 காசு, ஒரு பதிவுக்கு 12 வெள்ளி 50 காசு. அறிக்கையில் 120,000ஐக் கொட்டை எழுத்தில் போட்டு 48ஐ மூலையில் ஒளிப்பது பழைய தில்லுமுல்லு. திருத்துகிறவர் முதலில் தேடுவது அந்த 48ஐத்தான்.

அடுத்து, பிரசாரத்தின் நோக்கம் எழுதுவது. முதலாண்டில் பெரும்பாலும் வரும் வாக்கியம்: "முதியவர்களிடையே நீரிழிவு விழிப்புணர்வை ஏற்படுத்துதல்." இதை எப்படி அளப்பது? யார், எதை, எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு, எந்தத் தேதிக்குள் என்று நான்கும் வேண்டும். "இந்த வட்டாரத்தில் 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் கடந்த ஓராண்டில் ரத்தச் சர்க்கரை சோதித்தவர்கள் 30 விழுக்காடு, மார்ச் 31க்குள் அது 38 ஆக வேண்டும்." பார்க்க நன்றாக இருக்கிறது, இதிலும் ஓட்டை. முன்பு 100 பேர், பின்பு 100 பேர் என்று கேட்டால் ஏறத்தாழ 13 விழுக்காட்டுப் புள்ளிக்குக் குறைந்த மாற்றம் தற்செயலாகவும் இருக்கலாம். 8 புள்ளியை நம்பிப் பிடிக்க ஒவ்வொரு முறையும் சுமார் 550 பேர் தேவை. நான்கு மாணவர்களால் ஆகிற காரியம் இல்லை. அதனால் விழுக்காட்டை விட்டுவிட்டு, நேராக எண்ணக்கூடியதை நோக்கமாக வையுங்கள்: சோதனை முகாமுக்கு வந்து பெயர் பதிந்தவர்கள் எத்தனை பேர்.

அஞ்சல்பெட்டி

மொழிபெயர்ப்பைத் தலையில் கட்டுவார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆங்கில வாசகம் முடிந்து, வடிவமைப்பும் முடிந்து, நாளை அச்சுக்குப் போகும் நேரத்தில் "இதைத் தமிழில் போட்டுக் கொடு" என்று வரும். ஆங்கிலச் சிலேடை தமிழில் செத்துப்போகும். பேச வேண்டிய இடம் அதற்கு வெகு முன்னால். விளம்பரம் கேட்பவர் தரும் ஆரம்பக் குறிப்பு வரும்போதே உட்கார்ந்து, அதே குறிப்பிலிருந்து தமிழ் வாசகத்தைத் தனியாக எழுதித் தருகிறேன் என்று கேட்க வேண்டும்.

தமிழ் தெரிந்தவருக்கு மட்டும் கண்ணில் படும் சங்கதிகளும் உண்டு. குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம். ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் முழுச் செய்திக்கும் 70 இடம்தான். நீண்டால் பாகத்துக்கு 67. "சர்க்கரை" கண்ணுக்கு ஐந்தெழுத்து. கணினிக்கு எட்டு இடம், ஏனென்றால் புள்ளிக்கும் ஐகாரக் குறிக்கும் தனித்தனி இடம். 150 இடம் பிடிக்கும் செய்தி மூன்று பாகமாகப் போகும், கட்டணமும் மூன்று மடங்கு. வரவுசெலவில் இதை மறந்துவிட்டுக் கடைசியில் விழிப்பவர்கள் ஏராளம்.

சுவரொட்டியில் வரும் கோளாறு வேறு. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காமல் ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி விலகி வட்டமாகத் தெரியும். வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அது வெறும் படம், அவர் கண்ணுக்குத் தவறு தெரியாது. ஆகவே வேர்ட் கோப்பில் சரிபார்த்தது போதாது. அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படியுங்கள், வரி உடையும் இடம் உட்பட.

ஊடகத்துக்குப் போனால் தமிழ் முரசு நாளிதழ், வசந்தம் தொலைக்காட்சி, ஒலி 96.8 வானொலி, 'செய்தி' இணையத்தளம் எனக் கைவிரலில் எண்ணிவிடலாம். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அழகான அறிக்கையைவிட முக்கியம், தமிழில் பேசக்கூடிய ஒருவர். அவர் பெயரும் எண்ணும் அறிக்கையின் அடியில் இருக்கட்டும். இல்லாவிட்டால் செய்தி ஆங்கில ஊடகத்தோடு நின்றுவிடும்.

தேக்கா தென்றல்

கோசோங் அண்ணன் சொன்ன 13 புள்ளிக் கணக்கு சரி, ஆனால் அது தற்செயல் மாதிரிக்கு, அதாவது குலுக்கல் முறையில் ஆள் எடுத்தால் மட்டும். வாட்ஸ்அப்பில் கூகல் படிவத்தை உறவினருக்கெல்லாம் அனுப்பிச் சேர்த்த 100 பேருக்குப் பிழை எல்லை என்று எழுதுவதே தவறு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் வாரியாக, வயது வாரியாக ஒதுக்கீடு போட்டுக் கீழ்த்தளத்தில் நேரில் கேட்பது அதைவிட மேல். இன்னொன்று: மார்ச்சில் "கடந்த ஓராண்டில்" என்று கேட்டால் பிரசாரத்துக்கு முந்தைய பல மாதங்களும் விடைக்குள் வந்துவிடும். "கடந்த மூன்று மாதத்தில்" என்று இரண்டு முறையும் கேளுங்கள்.

சட்டத்தை இறுதியாண்டு வரை தள்ளிப்போட வேண்டாம். விற்பனைச் செய்தி அனுப்பும் முன் 'அழைக்க வேண்டாம்' பதிவேட்டை (விற்பனைச் செய்தி வேண்டாம் என்றவர்களின் எண்கள்) பார்க்க வேண்டும். அனுப்புநர் பெயரைப் பதியாமல் விட்டால் 2023 ஜனவரி 31 முதல் உங்கள் செய்தி மோசடியாக இருக்கலாம் என்ற முத்திரையோடுதான் போய்ச் சேரும். எவ்வளவு நல்ல வாசகமும் அங்கேயே காலி. பானங்களின் சர்க்கரை, கொழுப்பு அளவைத் தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேடில் 'டி' வாங்கிய பானத்துக்கு விளம்பரத் தடை, விற்கும் இடத்தைத் தவிர. காசு வாங்கிப் போடும் சமூக ஊடகப் பதிவில் அதைச் சொல்லியாக வேண்டும். விளம்பரத் தரநிலை ஆணையம் 1976 முதல் இருக்கிறது, அதன் நெறிமுறையை ஒருமுறை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள்.

நீலப்பேனா

நன்றி. நேர்காணலுக்குக் கூப்பிட்டால் கையில் என்ன இருக்க வேண்டும்? அவளிடம் சுவரொட்டிகள்தான் இருக்கின்றன.

தேக்கா தென்றல்

சுவரொட்டி இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: யாருக்கு, ஏன் அந்தச் சொல், எதை வைத்து வெற்றி என்பது. பத்திரிகையில் வந்த இடத்தின் விளம்பரக் கட்டணத்தைக் கூட்டி "இவ்வளவு மதிப்பு" என்று மட்டும் எழுத வேண்டாம். மக்கள் தொடர்பின் பலனை எப்படி அளப்பது என்று சொல்லும் பார்சலோனா கோட்பாடுகள் 2010இல் அந்த வழக்கத்தை வெளிப்படையாகவே நிராகரித்துவிட்டன. இன்னும் சிலர் செய்கிறார்கள், அது வேறு கதை.

கூடவே உள்ளூர்ப் பிரசாரம் ஒன்றைப் பிரித்து மூன்று பக்கம். என் தேர்வு குடும்பக் கட்டுப்பாடு. 1970களில் "இரண்டு போதும்", 1987இல் "வசதி இருந்தால் மூன்று அல்லது அதற்கு மேல்". முதலாவது வேலை செய்தது, ஆனால் கூடவே பிரசவக் கட்டணமும் பள்ளிச் சேர்க்கை விதிகளும் அழுத்தின. இரண்டாவதற்கு ஊக்கத்தொகையும் வரிச்சலுகையும் கொடுத்தும் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தை என்ற விகிதம், மக்கள்தொகை குறையாமல் இருக்கத் தேவையான மாற்று நிலையைத் தொடவே இல்லை, 2023இல் 0.97. வீட்டு விலை, வேலை நேரம், தாமதத் திருமணம் இவற்றைச் சுவரொட்டி நகர்த்தாது. வாசகம் எங்கே நின்றுபோகிறது என்று அவளால் எழுத முடிந்தால் கேள்வி கேட்பவர்களுக்கும் பேச விஷயம் கிடைக்கும்.

அஞ்சல்பெட்டி

ஒன்று விட்டுப்போச்சு. பயிற்சிக்காக நிஜமாகவே புளோக்கின் கீழ் ஒட்டப் போகிறாள் என்றால் நகர மன்றத்திடம் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கட்டும். அச்சடித்த பிறகு கேட்டால், அளவும் இடமும் ஒத்து வராமல் எல்லாம் வீட்டில்தான் கிடக்கும்.