எக்செல் தேர்வு வியாழக்கிழமை. லுக்கப் பாதிதான் வருகிறது. அவசரம்

வெண்பூ · திங்கள், இரவு 10:42

வணக்கம். வியாழன் காலை சிங்கப்பூர் துவாஸில் நேர்முகத் தேர்வு. அரை மணி நேரம் எக்செல் தேர்வும் உண்டாம். தோழி கொடுத்த மாதிரிக் கோப்பை வைத்து இரண்டு நாளாகப் பழகுகிறேன். லுக்கப், அதாவது பொருள் எண்ணை வைத்து விலைத் தாளில் விலையைத் தேடி எடுக்கும் ஃபார்முலா, சரியாக வரவில்லை. சில வரிகளுக்கு விலை வருகிறது, சிலவற்றுக்கு வரவே இல்லை. எல்லா வரிக்கும் ஒரே ஃபார்முலாதான், இழுத்து நிரப்பினேன். எங்கே தவறு? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ஈசூன்வாசி · 10:51

எந்த லுக்கப்? விலுக்கப்பா, எக்ஸ்லுக்கப்பா? வரவில்லை என்றால் செல் காலியாக இருக்கிறதா, #என்/ஏ (தேடியது கிடைக்கவில்லை) என்று நிற்கிறதா, தவறான விலை வருகிறதா? மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்.

சூத்திரதாரி · 10:58

இதற்கு நானே பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. விலுக்கப்பின் நான்காவது இடத்தில் ஃபால்ஸ் (அப்படியே பொருந்துவது மட்டும் வேண்டும்) போடாமல் விட்டிருப்பீர்கள். விட்டால் எக்செல் அதை ட்ரூ என்று எடுத்துக்கொண்டு ஏறக்குறையப் பொருந்துவதைக் கொண்டுவந்து கொடுக்கும். எப்போதும் ஃபால்ஸ். ட்ரூவுக்கு எந்த வேலையும் கிடையாது. இந்த அடிப்படைகூடத் தெரியாமல் தேர்வுக்குப் போவது துணிச்சல்தான்.

கிடங்குக்காரன் · 11:06

என்ன வேலைக்கு, சகோதரி? கணக்கா, கிடங்கா, மனிதவளமா? ஒவ்வொன்றுக்கும் கேள்வி வேறாக இருக்கும். இழுத்து நிரப்பினேன் என்கிறீர்கள், விலை அட்டவணையின் முகவரிக்கு டாலர் குறி போட்டீர்களா? எஃப்4 விசையை ஒருமுறை தட்டினால் போதும். போடாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் அட்டவணை ஒரு படி கீழே நழுவும். மேலே உள்ள பொருள்கள் விட்டுப்போகும்.

தேதிப்பித்தன் · 11:20

கணினியின் வட்டார அமைப்பை முதலில் பாருங்கள். அமெரிக்க அமைப்பில் இருந்தால் நாம் மார்ச் 5 என்று நினைத்து எழுதும் 05/03/2024, மே 3 ஆகிவிடும். 25/03/2024 தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நிற்கும். நான் பார்த்த எக்செல் தொல்லைகளில் பத்துக்கு எட்டு இதுதான்.

ஈசூன்வாசி · 11:24

அவர் தேதியைப் பற்றிப் பேசவே இல்லையே ஐயா.

தேதிப்பித்தன் · 11:25

பேசவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடாது.

வெண்பூ · செவ்வாய், காலை 7:15

மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். #என்/ஏ என்றுதான் வருகிறது. ஃபால்ஸ் போட்டிருக்கிறேன். டாலர் குறியும் இருக்கிறது. எக்ஸ்லுக்கப் போட்டால் எல்லா வரியிலும் #நேம்? என்று வந்ததால் அதை விட்டுவிட்டேன். கிடங்கு நிர்வாக உதவியாளர் வேலை.

ஈசூன்வாசி · 7:31

#நேம்? என்பதற்கு, இந்தப் பெயரில் எனக்கு எதுவும் தெரியாது என்று எக்செல் சொல்வதாகப் பொருள். எக்ஸ்லுக்கப் 2021 பதிப்பிலும் 365-லும் உண்டு. 2016, 2019 இரண்டிலும் கிடையாது. உங்களுடையது எந்தப் பதிப்பு? தேர்வு நடக்கும் கணினியிலும் பழையது இருக்கலாம், விலுக்கப்பையே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வந்த வரி இரண்டு, வராத வரி இரண்டு இங்கே எழுதுங்கள். பார்க்காமல் மருந்து சொல்ல முடியாது.

சூத்திரதாரி · 8:40

இன்டெக்ஸ், மேட்ச் என்ற இரண்டு ஃபார்முலாக்களையும் சேர்த்துப் போட்டால் எந்தப் பதிப்பிலும் ஓடும், இடப்பக்கமும் தேடும். இன்றைக்கும் விலுக்கப் போடுகிறவரை நான் வேலைக்கு எடுக்க மாட்டேன்.

கிடங்குக்காரன் · 8:44

இதுவரை எத்தனை பேரை எடுத்திருக்கிறீர்கள்?

தோ பாயோ அக்கா · 9:10

ட்ரூவுக்கு வேலையே கிடையாது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பொருள், சேவை வரி 2022 முடியும்வரை 7 விழுக்காடு, 2023 ஜனவரி 1 முதல் 8, 2024 ஜனவரி 1 முதல் 9. பழைய பற்றுச்சீட்டுகளைச் சரிபார்க்கும்போது மூன்று வரியில் ஓர் அட்டவணை போட்டு, தேதியை ட்ரூவோடு தேடுவேன். 2023 மார்ச் 15 அட்டவணையில் கிடையாது. அதற்கு முந்திய 2023 ஜனவரி 1-ஐப் பிடித்து 8 என்று கொடுக்கும். ஃபால்ஸ் போட்டால் #என்/ஏ. அட்டவணை மட்டும் ஏறுவரிசையில் இருக்க வேண்டும்.

சூத்திரதாரி · 9:22

இஃப்-க்குள் இஃப் போட்டால் முடிகிற காரியம். அட்டவணை எதற்கு?

தோ பாயோ அக்கா · 9:30

மூன்று விகிதத்துக்கு முடியும் தம்பி. மத்திய சேம நிதியில், அதாவது ஓய்வுக்காலச் சேமிப்பில், வயதுப் பிரிவுகளே ஐந்து. 55 வயது வரை சம்பளத்தில் ஊழியர் பங்கு 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17. அதற்கு மேல் போகப் போகக் குறையும், அந்த விகிதங்களையும் அவ்வப்போது மாற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஃபார்முலாவைக் கிழித்துத் தைப்பீர்களா?

சூத்திரதாரி · 9:33

தம்பி என்று யார் சொன்னது?

தேதிப்பித்தன் · 9:41

அக்கா சொன்ன தேதித் தேடல்கூட வட்டார அமைப்பு தவறாக இருந்தால் கவிழ்ந்துவிடும். நேற்றே சொன்னேன்.

தோ பாயோ அக்கா · 9:48

வெண்பூ, இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வரி சேர்த்த விலை 218 வெள்ளி என்று கொடுத்து, வரி எவ்வளவு என்று கேட்பார்கள். அவசரத்தில் 9 விழுக்காட்டால் பெருக்கி 19.62 என்று எழுதிவிடுவார்கள். 218-ஐ 1.09-ஆல் வகுத்தால் 200. வரி 18 வெள்ளிதான்.

வெண்பூ · செவ்வாய், இரவு 9:05

பொருள் எண் பி2207, கே1180 இரண்டுக்கும் விலை வந்தது. 417, 1093 இரண்டுக்கும் வரவில்லை. விலைத் தாளில் போய்த் தேடினேன், அங்கே 00417, 01093 என்று இருக்கிறது. ஒரே பொருள்தானே?

கிடங்குக்காரன் · 9:19

உங்களுக்கும் எனக்கும் ஒரே பொருள். எக்செலுக்கு இரண்டும் வேறு. விலைத் தாளில் இருப்பது எழுத்து. செல்லின் மூலையில் பச்சை முக்கோணம் தெரியும், எண்ணும் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். உங்கள் தாளில் இருப்பது நிஜமான எண், வலப்பக்கம் ஒட்டி நிற்கும். யாரோ சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளி இட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) நேரே எக்செலில் திறந்திருக்கிறார்கள், அப்போது முன்னால் இருந்த பூஜ்யங்கள் உதிர்ந்துவிட்டன. எங்கள் கிடங்கில் இப்படி ஒருமுறை ஒரு நாள் முழுக்கச் சரக்கு நின்றது. பி, கே என்று தொடங்குபவை இரண்டு தாளிலும் எழுத்தாகவே இருப்பதால் அவற்றுக்கு மட்டும் விலை வந்துவிட்டது.

சூத்திரதாரி · 9:27

எழுத்தாக இருக்கும் எண்ணுக்கு டெக்ஸ்ட் டு காலம்ஸ் என்ற கட்டளை. விலைத் தாளில் அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து ஃபினிஷ் அழுத்தினால் எல்லாம் எண்ணாகிவிடும். இரண்டு நிமிட வேலைக்கு இரண்டு நாள் பேசியாயிற்று.

கிடங்குக்காரன் · 9:34

அதைச் செய்யாதீர்கள் சகோதரி. விலை வந்துவிடும், ஆனால் விலைத் தாளிலும் பூஜ்யம் போய்விடும். பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 00417 என்றுதான் இருக்கும், ஸ்கேனரும் அதைத்தான் படிக்கும். உங்கள் எண்களுக்குப் பூஜ்யத்தைத் திருப்பிக் கொடுங்கள். தேடும் இடத்தில் ஏ2 என்று மட்டும் போடாமல் டெக்ஸ்ட்(ஏ2,"00000") என்று போடுங்கள். 417 ஐந்து இலக்கமாகி 00417 என்ற எழுத்தாகிவிடும். பி2207 ஏற்கெனவே எழுத்து, அதைத் தொடாது. ஒரே ஃபார்முலா எல்லா வரிக்கும் ஓடும்.

நானும் இப்படித் தேர்வு வைப்பவன்தான், ஆகவே இன்னொன்று. கோப்பைத் திறந்ததும் அசல் தாளை நகல் எடுத்து வைத்துவிட்டு நகலில் வேலை செய்கிறாரா என்று பின்னால் நின்று பார்ப்பேன். அப்படிச் செய்பவர் இரண்டு கேள்வியை விட்டுவிட்டாலும் எனக்குக் கவலை இல்லை.

ஈசூன்வாசி · 9:40

இன்னும் #என்/ஏ வந்தால் பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளியைப் பாருங்கள். டிரிம் போட்டால் போகும். இணையப் பக்கத்தில் இருந்து நகலெடுத்ததாக இருந்தால் போகாது, அது வேறு வகை இடைவெளி, குறி எண் 160. சப்ஸ்டிட்யூட் போட்டு அகற்ற வேண்டும். பதிப்பு எது என்று சொல்லவில்லையே?

வெண்பூ · 10:02

வந்துவிட்டது!! எல்லா வரிக்கும் விலை வந்துவிட்டது. நன்றி அண்ணா.

சூத்திரதாரி · 10:15

இன்டெக்ஸ், மேட்ச் போட்டிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

ஈசூன்வாசி · 10:17

வந்திருக்கும். மேட்ச்சுக்கும் 417 வேறு, 00417 வேறு.

தோ பாயோ அக்கா · வியாழன், பிற்பகல் 1:20

வெண்பூ, தேர்வு எப்படி இருந்தது?

தோ பாயோ அக்கா · வெள்ளி, காலை 8:55

வெண்பூ?

வெண்பூ · சனி, இரவு 11:48

விலுக்கப் ஒரே ஒரு கேள்விதான். மீதி எல்லாம் வடிகட்டுவது, ஒரே வரி இருமுறை வந்திருந்தால் நீக்குவது, ஒரு பிவட் டேபிள் (தொகுத்துக் காட்டும் அட்டவணை). பிவட்டில் மாதவாரியாகப் பிரிக்க முடியவில்லை, தேதிகளில் சில இடப்பக்கம் ஒட்டி நின்றன. அதை விட்டுவிட்டேன். தாளை நகல் எடுத்தேன் அண்ணா, அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. புதன்கிழமை சொல்வார்களாம்.

தேதிப்பித்தன் · 11:52

இடப்பக்கம் ஒட்டி நின்ற தேதிகள்! திங்கள் இரவே சொன்னேன்.

ஈசூன்வாசி · ஞாயிறு, காலை 7:03

அங்கே எந்தப் பதிப்பு இருந்தது?