சீட்டு வித்தைக்கு எந்தச் சீட்டுக்கட்டு ஏற்றது?

கேள்வி:
சில மாதங்களாகச் சீட்டு வித்தை பழகி வருகிறேன். என்னிடமுள்ள பிளாஸ்டிக் சீட்டுகளை விசிறிபோல் விரித்தால், அவை சீராக விரியாமல் இரண்டும் மூன்றுமாக ஒட்டிக்கொண்டு நகர்கின்றன. எந்த வகைக் கட்டினை வாங்கலாம்?

மறுமொழி 1:
காகித அட்டையால் ஆன, மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் பதிந்த கட்டினை வாங்குங்கள். அக்குழிகளில் தங்கும் காற்றினால்தான் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதாக வழுக்குகின்றன. கிழித்த சீட்டை மீண்டும் ஒட்டவைக்கும் வித்தைக்கும் காகிதமே உகந்தது. 63 மில்லிமீட்டர் அகலமுள்ள போக்கர் அளவைத்தான் வித்தைக்காரர்கள் பெரிதும் விரும்புகின்றனர். கை சிறியதாயின், 57 மில்லிமீட்டர் அகலமுள்ள பிரிட்ஜ் அளவில் தொடங்குவதில் தவறில்லை.

மறுமொழி 2:
என்னைக் கேட்டால், பின்புற வடிவமே முதலில் கவனிக்க வேண்டியது. வெள்ளை ஓரமுள்ள கட்டில், கவிழ்ந்த சீட்டுகளின் நடுவே ஒரு சீட்டு நிமிர்ந்து கிடந்தாலும், விளிம்பு சற்றே வெளித்தெரியும்போது வெள்ளையாகவே தோன்றுவதால் எவரும் ஐயுறுவதில்லை. ஓரமே இல்லாத வடிவத்தில் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். பைசைக்கிள் என்னும் வணிகப்பெயரில் வரும் ரைடர் பேக் கட்டிற்கு வெள்ளை ஓரம் உண்டு. இருபுறமும் பின்புறமாகவே அச்சிட்ட சிறப்புச் சீட்டுகளும் அதே வடிவத்தில் கிடைக்கின்றன.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சிவப்பில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாக வாங்கிக்கொள்கிறேன்.