‘முடிந்திருக்க வேண்டும்’ என்று ஒருவர் சொன்னதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? உதவி தேவை

கேட்பவர் (கொக்குவில்)

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். எங்கள் வாராந்தக் கூட்டங்கள் தமிழில் நடக்கின்றன. ஆனால் கூட்டக் குறிப்பு கொழும்பிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் போக வேண்டும். அதை எழுதுவது என் பொறுப்பு.

சென்ற மாதம் எங்கள் களஞ்சியத்துக்குப் பின்னால் வெட்டப்படும் வெள்ள வாய்க்காலைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒப்பந்தகாரர் தலையைக் குனிந்தபடி, “வாய்க்கால் வேலை மழைக்கு முன்னமே முடிந்திருக்க வேண்டும்” என்றார். நான் அதை, ‘ஹீ செட் த வேர்க் மஸ்ற் ஹாவ் பீன் ஃபினிஷ்ட் பிஃபோர் த ரெயின்ஸ்’ என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாட்களில், வேலை முடிந்துவிட்டதாகத் தெரிவதால் இறுதிக் கொடுப்பனவுக்கான பற்றுச்சீட்டுகளை அனுப்பும்படி பதில் வந்தது. வாய்க்காலோ பாதிகூட வெட்டப்படவில்லை. என் எழுத்தால் ஒருவருக்குச் செய்யாத வேலைக்குப் பணம் போயிருக்கும் என்று நினைக்கவே மனம் பதறுகிறது.

‘மஸ்ற்’ என்றால் ‘வேண்டும்’ என்றுதான் பாடசாலையில் படித்தேன். அயற்கூற்றுக்கு, அதாவது ஒருவர் சொன்னதை இன்னொருவர் அறிவிக்கும் வசனத்துக்கு, ஓர் அட்டவணையையும் மனனம் செய்தோம்: வில் வுட் ஆகும், கான் குட் ஆகும், மே மைற் ஆகும், மஸ்ற் ஹாட் ரு ஆகும். அதன்படி ‘ஹாட் ரு’ போட்டுப் பார்த்தால் வசனம் இன்னும் மோசமாகிறது. குட், சுட், மைற் ஆகியவற்றையே ஒருவர் பேசியிருந்தால் அவற்றை எதுவாக மாற்றுவது என்று அந்த அட்டவணையில் இல்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் (சாவகச்சேரி)

பிள்ளை, உங்கள் பிழை காலத்தில் இல்லை. ‘வேண்டும்’ என்ற சொல்லை எந்தப் பொருளில் எடுத்தீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

குறிகட்டுவான் இறங்குதுறைக்கு நெடுந்தீவுப் படகு பிடிக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துறையில் படகும் இல்லை, சனமும் இல்லை. “படகு போயிருக்க வேண்டும்” என்கிறீர்கள். அது கண்ணால் கண்டதை வைத்துச் செய்த ஊகம். ஆங்கிலத்தில் ‘மஸ்ற் ஹாவ்’. இன்னொரு நாள் அதே துறையில், நெடுந்தீவிலிருந்து வரும் உறவினருக்காகக் காத்து நிற்கிறீர்கள். நேரம் கடந்தும் கடலில் ஒன்றும் தெரியவில்லை. “படகு இதற்குள் வந்திருக்க வேண்டும்” என்கிறீர்கள். இது நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை என்ற கவலை. ஆங்கிலத்தில் ‘சுட் ஹாவ்’. தமிழில் வடிவம் ஒன்றுதான். பேசுகிறவரின் குரலும் நிற்கும் இடமும் பொருளைப் பிரித்துக் கொடுக்கின்றன. கூட்டக் குறிப்பில் குரலும் இல்லை, ஒப்பந்தகாரரின் குனிந்த தலையும் இல்லை. ஆகவே அந்த வேலையை நீங்கள் தெரிந்தெடுக்கும் ஆங்கிலச் சொல்தான் செய்ய வேண்டும்.

சந்தேகம் வரும்போது தமிழ் வசனத்தையே சோதித்துப் பாருங்கள். ‘முடிந்திருக்க வேண்டும்’ என்பதற்குப் பதிலாக ‘முடிந்திருக்கும்’ என்று வைத்தாலும் பொருள் கெடாவிட்டால் அது ‘மஸ்ற் ஹாவ்’. அதன் பின்னால் ‘ஆனால் முடியவில்லை’ என்று சேர்க்க முடிந்தால் அது ‘சுட் ஹாவ்’. ‘வந்திருக்கலாம்’ என்பதற்கும் இதே சோதனை பொருந்தும். ‘வந்தாரோ தெரியவில்லை’ என்று தொடர்ந்தால் ‘மைற் ஹாவ்’, ‘ஏன் வரவில்லை?’ என்று தொடர்ந்தால் ‘குட் ஹாவ்’.

இனி உங்கள் அட்டவணை. வுட், குட், சுட், மைற் ஆகிய நான்கும் முறையே வில், கான், ஷல், மே ஆகியவற்றின் இறந்தகால வடிவங்களாகப் பிறந்தவை. ஏற்கெனவே ஒரு படி பின்னால் நிற்பவற்றை அயற்கூற்றுக்காக இன்னொரு படி பின்னால் தள்ள இடமில்லை. அப்படியே விட்டுவிட வேண்டும். ‘யூ சுட் றெஸ்ற்’ என்று வைத்தியர் சொன்னால், ‘த டொக்ரர் செட் ஐ சுட் றெஸ்ற்’ என்றே எழுதுகிறோம். ‘சுட் ஹாவ்’, ‘மஸ்ற் ஹாவ்’ போன்றவையும் மாறுவதில்லை. ‘மே ஹாவ்’ மட்டும் ‘மைற் ஹாவ்’ ஆகும்.

‘மஸ்ற்’ பழைய ஆங்கிலத்தில் ஓர் இறந்தகால வடிவமாக இருந்து நிகழ்காலத்துக்கு வந்து தங்கிவிட்ட சொல். ஆகையால் அதற்கென்று தனி இறந்தகாலம் கிடையாது. கடமையைச் சொல்லும்போது ‘ஹாட் ரு’ அந்த இடத்தை நிரப்புகிறது. ஊகத்தைச் சொல்லும்போது ‘மஸ்ற்’ என்றே நிற்கிறது. ‘ஷீ தோற் ஹீ மஸ்ற் பீ ரயேர்ட்’ என்பதில் அவள் நினைத்தது நேற்று. அதற்காக ‘மஸ்ற்’ மாறவில்லை.

பதில்: மொழிபெயர்ப்பாளர் (பருத்தித்துறை)

ஆசிரியர் ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். எனினும் ‘ஹாட் ரு’ பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல விரும்புகிறேன். ‘ஹாட் ரு பே’ என்று தனியே எழுதினால், கட்ட வேண்டியிருந்தது, கட்டியும் விட்டார் என்றே வாசிப்பவர் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார். வரவிருக்கும் கடமையைப் பற்றிக் கூட்டத்தில் ஒருவர் சொல்லியிருந்தால், ‘வுட் ஹாவ் ரு பே’ என்று எழுதுவது பாதுகாப்பானது. எதிர்மறை வசனத்தில் இன்னும் கவனம் தேவை. ‘மஸ்ற்ன்ற்’ என்பது செய்யக் கூடாது என்ற தடை. அதை ‘டிடின்ற் ஹாவ் ரு’ என்று மாற்றினால், செய்யத் தேவையில்லை என்று பொருள் மாறிவிடும். நான் இதில் ‘மஸ்ற்ன்ற்’ என்றே விட்டுவிடுகிறேன்.

நாம் தமிழர் இதில் இடறுவதற்கு ‘என்று’ ஒரு முக்கிய காரணம். “நாளை வருவேன் என்று சொன்னார்” என்னும்போது சொன்னவரின் சொற்களை அவர் வாயிலிருந்து வந்தபடியே வைத்து, பின்னால் ‘என்று’ போட்டுக் கட்டிவிடுகிறோம். ‘வருவதாகச் சொன்னார்’ என்று மாற்றினாலும் காலம் பின்னால் போவதில்லை. ஆங்கிலத்தில் அறிவிப்பவர் தான் நிற்கும் இடத்திலிருந்து திரும்பிப் பார்க்கிறார். அதனால்தான் ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகிறது. அந்த ‘வுட்’ அவர் வந்தாரா வரவில்லையா என்று ஒன்றும் சொல்வதில்லை. குறிப்பு எழுதும்போது அந்த நாள் இன்னும் வராவிட்டால் ‘வில்’ என்று விட்டாலும் பிழையில்லை. ‘நினைத்தேன்’ என்பதற்குப் பின்னால் ‘வுட்’ போடுவதே நல்லது.

கேட்பவர் (கொக்குவில்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த வசனத்தை, ‘ஹீ செட் த வேர்க் சுட் ஹாவ் பீன் ஃபினிஷ்ட் பிஃபோர் த ரெயின்ஸ்’ என்று திருத்தி, வேலை இன்னும் முடியவில்லை என்பதையும் அடுத்த வரியில் தனியாக எழுதி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். கொடுப்பனவை நிறுத்தி வைத்திருப்பதாக இன்று காலை பதில் வந்தது.

இந்த வாரக் குறிப்பில் இரண்டு வசனங்கள் இருக்கின்றன. “நீர்ப்பம்பியை என்னால் திருத்த முடியும்” என்று பொறிமுறையாளர் திங்கட்கிழமை சொன்னார். செவ்வாய்க்கிழமை திருத்தியும் முடித்தார். ‘ஹீ செட் ஹீ குட் றிப்பெயர் த பம்ப்’ என்றும், ‘ஒன் ரியூஸ்டே ஹீ குட் றிப்பெயர் இற்’ என்றும் எழுதியிருக்கிறேன். சரியா?

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் (சாவகச்சேரி)

முதலாவது சரி. அதிலுள்ள ‘குட்’, ‘கான்’ என்பதன் அயற்கூற்று வடிவம். இரண்டாவது பிழை. ஒரு குறித்த நாளில் ஒரு வேலையைச் செய்து முடித்ததைச் சொல்ல ‘குட்’ பொருந்தாது. ‘வொஸ் ஏபிள் ரு றிப்பெயர் இற்’ என்று எழுதுங்கள், அல்லது வெறுமனே ‘றிப்பெயர்ட் இற்’ என்று எழுதுங்கள். முடியாமல் போயிருந்தால் மட்டும் ‘குடின்ற்’ என்று தாராளமாக எழுதலாம்.