புதுப்பிப்பு: மிக்ஸி போட்டால் விழும் ஆர்.சி.சி.பி. – காரணம் கிடைத்தது

யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: புதிதாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (தன் வழியே போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் வேறுபட்டால், கசிவு என்று இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) பொருத்திய பிறகு, சமையலறை சாக்கெட்டில் அரை வாட் இரவு விளக்கைத் தவிர எதைப் போட்டாலும் அது விழுந்தது, அதாவது ட்ரிப் ஆனது.

பலரும் மிக்ஸியில் கசிவு என்றீர்கள். வேறு மிக்ஸியைப் போட்டும் விழுந்தது. எர்த்தும் சரியாகவே இருந்தது. "நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் வயர்) எங்கே போகிறது என்று பாருங்கள்" என்ற யோசனைதான் விடை.

எலக்ட்ரீஷியன் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, பிளக்குகளைப் பிடுங்கி, போர்டில் நியூட்ரல் வயர்களைத் தனித்தனியாகக் கழற்றி மல்ட்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்தார். சாக்கெட்டின் நியூட்ரல், ஆர்.சி.சி.பி.க்கு வராமல், அதற்கு முன்பே பிரியும் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலோடு சேர்ந்திருந்தது! ஹால் சுவிட்ச் பெட்டிக்குள் இரண்டு கருப்பு வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் காய்ந்து உதிர்ந்தது.

500 வாட் மிக்ஸி இழுக்கும் சுமார் 2 ஆம்பியரும் வேறு வழியில் திரும்பினால் ஆர்.சி.சி.பி. அதைக் கசிவாகத்தான் எடுத்துக்கொள்ளும். அரை வாட் இரவு விளக்குக்கு மட்டும் விழாததன் காரணமும் அப்போதுதான் புரிந்தது: அது இழுப்பது சில மில்லி ஆம்பியர்தான்.

பழைய இணைப்பைப் பிரித்து, அதே பைப்பில் 2.5 சதுர மில்லிமீட்டர் நியூட்ரலைத் தனியாக இழுத்தார். இப்போது மிக்ஸி, கிரைண்டர் இரண்டும் ஓடுகின்றன.

எதிர்பாராதது ஒன்று: இப்படிக் கலந்த நியூட்ரலில், மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் வழியாக மின்சாரம் இருக்கலாம். பெட்டியைத் திறக்குமுன் இன்வெர்ட்டரையும் கட்டாயம் அணையுங்கள்.