ஜிபிஎஸ் போர்டில் எட்டுக் கால் ஐசியை மாற்ற வேண்டும், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். அண்ணனின் விசைப்படகில் ஜிபிஎஸ் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் உப்புக்காற்று உள்ளே புகுந்து, 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் எட்டுக் கால் ஐசியில் (சிப்) பச்சை பூத்திருக்கிறது, ஒரு கால் தொட்டதும் உதிர்ந்தே போனது. புது ஐசி வாங்கிவிட்டேன். கையில் இருப்பது 25 வாட் சால்டரிங் அயர்ன், ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பசை), 63/37 (வெள்ளீயம்/காரீயம்) ஈயக்கம்பி, விக் (உருகிய ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்) மட்டும்தான். ஹாட் ஏர் (சூடான காற்றடிக்கும் கருவி) கிடையாது.

பழைய ரேடியோ போர்டில் பழகிப் பார்த்தேன். இரு பக்கக் கால்களிலும் ஈயத்தைத் தாராளமாக ஏற்றி, அயர்னை மாற்றி மாற்றி வைத்தால் ஐசி தானாக நகர்கிறது, ஆனால் அவசரப்பட்டு இழுத்ததில் ஒரு பேட் (போர்டில் கால் ஒட்டும் இடம்) செம்போடு பெயர்ந்து வந்துவிட்டது. அதுதான் பயம். போர்டில் இருப்பது காரீயம் இல்லாத சால்டர் என்றால் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், நம் கம்பி 183-லேயே உருகும், கலந்தால் சுலபம், சரி. ஆனால் எர்த் கால் அகலமான செம்போடு சேர்ந்திருப்பதால் சூட்டையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்கிறது. 60 வாட் வாங்கட்டுமா? கால்களை நைஃப் வைத்து வெட்டிவிட்டு ஒவ்வொன்றாக எடுப்பது நல்லதா? அப்புறம், உப்பை முதலில் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஊற்றலாமா?

ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது, அதற்குள் படகில் மாட்டியாக வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.