கனடா குடிசன மதிப்பீட்டில் "இந்தியன்" என்ற கட்டம்: கண்ட பிழைகளைப் பகிருங்கள்

கணக்குப்பிள்ளை:
குடிசன மதிப்பீட்டின் நீள்படிவத்தை, அதாவது கூடுதல் கேள்விகள் கொண்ட படிவத்தை, நிரப்ப முதியோருக்கு உதவுகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. "ஸ்டேட்டஸ் இந்தியனா?" என்ற கேள்விக்கு, தமிழ்நாட்டில் பிறந்தவர் "இந்தியாதானே" என்று ஆம் போட்டுவிடுவார். அங்கே கேட்பது நாட்டை அல்ல. 1876இல் வந்த இந்தியர் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற பூர்வகுடியா என்பதுதான் கேள்வி. அதற்கு முன் வருவது, கனடாவின் மூன்று பூர்வகுடிப் பிரிவுகளான முதற்குடி, மெட்டீ, இனுயிட் இவற்றில் ஒருவரா என்ற கேள்வி. அதில் ஆம் போட்டால் தெற்காசியர், சீனர், கறுப்பர் என்று வரும் மக்கட்குழுக் கேள்வியைத் தாண்டிப் போகச் சொல்கிறது படிவம். ஒரு தவறான புள்ளடி, நம்மவர் தெற்காசியர் கணக்கிலிருந்து கழன்று பூர்வகுடிக் கணக்கில் ஏறிவிடுகிறார். ஆகவே உதவும்போது "இந்தியன்" என்ற சொல்லை வாசிக்காமல், "இந்த மண்ணின் ஆதிக்குடியா?" என்று தமிழில் கேளுங்கள்.

ஸ்காபரோ வாசி:
அண்ணா சொன்னதோடு இனமூலக் கேள்வியையும் சேருங்கள். அது முன்னோரின் வேரைக் கேட்கிறது, குடியுரிமையை அல்ல. இங்கே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் "கனேடியன்" என்று மட்டும் எழுதுவார்கள், தமக்கு "ஸ்ரீலங்கன்" என்று மட்டும். இரண்டிலும் தமிழர் என்ற எண்ணிக்கை ஏறாது. ஒன்றுக்கு மேல் எழுத இடமுண்டு. "தமிழ்" என்பதைத் தனியாக எழுதினால்தான் தமிழராக எண்ணப்படும். தமிழைத் தாய்மொழியாகப் பதிந்தோரைவிட இனமூலத்தில் தமிழர் என்று பதிந்தோர் குறைவாக இருப்பதற்கு இது பெரிய காரணம்.

தாய்மொழிக் கேள்வி எல்லா வீடுகளுக்கும் போகிறது. இனமூலம் நீள்படிவம் கிடைக்கும் நாலில் ஒரு வீட்டுக்கு மட்டுமே. நிதி கேட்டோ பாடசாலையில் தமிழ் வகுப்புக் கேட்டோ மனு எழுதுகிறவர்கள் மொழி எண்ணையே முன்வைப்பது நல்லது.

கேள்வியின் வடிவம் மாறினாலே எண் புரண்டுவிடும். 2016இல் படிவத்திலேயே மாதிரிப் பெயர்கள் அச்சாகியிருந்தன, "கனேடியன்" என்பதும் அதில் ஒன்று. 2021இல் அந்தப் பட்டியலை எடுத்தார்கள். "கனேடியன்" என்று பதிந்தோர் 32 சதவீதத்திலிருந்து 16 சதவீதத்துக்குக் கீழே போனார்கள்.

வினிபெக் வடக்கு:
பூர்வகுடி எண்களை எடுத்தாள்வோர் தடுக்கி விழும் இடங்களைச் சொல்கிறேன். 2021இல் பூர்வகுடியினர் 18,07,250 பேர், மக்கள்தொகையில் 5 சதவீதம். முதற்குடியினர் 10,48,405, மெட்டீ 6,24,220, இனுயிட் 70,545. கூட்டிப் பாருங்கள், 64,080 குறையும். அது அச்சுப்பிழை அல்ல. இரண்டு அடையாளம் சொன்னவர்களும், மூன்றிலும் ஆம் போடாமல் இந்தியர் சட்டப் பதிவோ ஒரு முதற்குடிக் குழுவின் உறுப்புரிமையோ மட்டும் உள்ளவர்களும் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள். எண்கள் எல்லாம் 0 அல்லது 5இல் முடிவது, தனியாளை அடையாளம் காணாதபடி எண்களை 5இன் மடங்காக மாற்றி வெளியிடுவதால்.

அடுத்தது வளர்ச்சி. 2016 முதல் 2021 வரை பூர்வகுடியினர் 9.4 சதவீதம் கூடினார்கள், மற்றவர்கள் 5.3. இதை முழுவதும் பிறப்பு என்று எழுதுவது தவறு. இளம் சமூகம்தான், சராசரி வயது 33.6. ஆனால் முன்பு தம்மைப் பூர்வகுடி என்று சொல்லாதவர்கள் இப்போது சொல்கிறார்கள். மெட்டீ எண்ணிக்கையில் இதன் பங்கு அதிகம். அவர்கள் பிறந்தது இப்போதல்ல, வாய் திறந்தது இப்போது. மற்றவர்களின் வளர்ச்சியோ பெரும்பாலும் குடிவரவால் வருவது. இரண்டு வளர்ச்சியையும் ஒரே வரைபடத்தில் போட்டு "பந்தயம்" என்று தலைப்பிடுவோரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

2011ஐத் தொடவே வேண்டாம். அந்த ஆண்டு கட்டாய நீள்படிவத்தை எடுத்துவிட்டு விருப்பக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். 2016இல்தான் கட்டாயம் திரும்பியது.

கணக்குப்பிள்ளை:
ஒதுக்குநிலங்களையும், அதாவது முதற்குடியினருக்கென அரசு ஒதுக்கிய நிலங்களையும், மறக்க வேண்டாம். அங்கே நாலில் ஒன்று என்ற மாதிரி இல்லை, எல்லா வீட்டுக்கும் நீள்படிவம்தான். ஆனாலும் 2016இல் 14, 2021இல் 63 ஒதுக்குநிலங்களும் குடியிருப்புகளும் முழுமையாக எண்ணப்படவில்லை. சில சமூகங்கள் அனுமதி தரவில்லை. 2021இல் பெருந்தொற்றும் காட்டுத்தீயும் சேர்ந்துகொண்டன. ஒதுக்குநில எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று எழுதுமுன், இரண்டு ஆண்டுகளிலும் எண்ணப்பட்ட இடங்களை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள்.